மாடிக்கு முன் மண்

மடுல்சீமையிலிருந்து பிழைப்பின் நிமித்தம் கொழும்புக்குச் சென்று திரும்பும் நம் இளைஞர்கள், அந்நகரின் மாடிகளைப் பற்றி வியந்து பேசுகின்றனர். உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கட்டடங்கள் 40 மாடிகளைக் கொண்டவை. 2022 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரமோ ஏறத்தாழ 350 மீற்றர் உயரமுடையது. இத்துணை உயரம் எவ்வாறு சரியாமல் நிற்கிறது என மாணவர் வினவுவது இயல்பே.

இதற்கு விடை காணச் சென்னையின் எல்.ஐ.சி. கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். யுனைடெட் இந்தியா ஆயுள் காப்புறுதிக் கம்பெனிக்காக எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் மவுண்ட் ரோட்டில் தொடங்கிய பணி அது. 1953 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மறு ஆண்டே செட்டியார் சிங்கப்பூர் விமான விபத்தில் மறைந்தார். 1956 இல் ஆயுள் காப்புறுதித் தொழில் அரசுடைமையாயிற்று. வரைபடம் தீட்டிய லண்டன் சிற்பிகளான பிரவுண், மௌலின் ஆகியோர் இடையில் விலக, எல்.எம். சித்தாலே பணியை நிறைவேற்றினார். 177 அடி உயரமான அக்கட்டடத்தை 23-8-1959 அன்று மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தார். அந்நாளில் இந்தியாவிலேயே உயர்ந்த கட்டடம் அதுவே. ‘பதினான்கு மாடி’ என்றே மக்கள் அதனை அழைத்தனர்.

முற்காலத்தில் செங்கற்சுவரே பாரம் முழுவதையும் தாங்கியது. எனவே மாடி உயர உயர அடிச்சுவர் தடித்துக்கொண்டே போயிற்று. 1891 இல் சிக்காகோ நகரில் கட்டிய 16 மாடிக் கட்டடமொன்றின் அடிச்சுவர் 6 அடி கனமுடையது! இரும்புக்கம்பி பொதிந்த கொங்கிரீட் தூண்களும் உத்தரங்களும் வந்தபின் சுவர் வெறும் மறைப்பாகிவிட்டது. தூண்கள் பாரத்தை அஸ்திவாரத்துக்கும், அஸ்திவாரம் மண்ணுக்கும் இறக்கிவிடுகின்றன.

ஆகவே வானளாவியின் திட்டம் நிலத்தினுள்ளேயே தொடங்குகிறது. ஆழத் துளையிட்டு, அடுக்கடுக்காக மண்ணை எடுத்துச் சோதிக்கின்றனர். மண் மிருதுவாயின், உறுதியான அடுக்கை எட்டும்வரை தூண்களை நிலத்துள் இறக்குகின்றனர். காற்றின் விசை, மின்தூக்கி, தீ விபத்தில் வெளியேறும் வழி ஆகியவை அடுத்து எண்ணப்படுவன. 1975 இல் எல்.ஐ.சி. கட்டடத்தில் மூண்ட தீ, அவ்வழியின் அருமையை அனைவர்க்கும் உணர்த்திற்று.

மண்ணறியும் இக்கவனம் மாடிகளுக்கு மட்டும் உரியதா? நம் லயன்கள் எழுந்த காலத்தில் மலைச்சரிவை எவர் சோதித்தார்? 29-10-2014 காலை, நமது பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களையும் மக்களையும் மூடிற்று. அங்கு வாழ்வது ஆபத்து என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆயினும் அம்மக்களுக்கு மாற்றிடம் கிட்டவில்லை. ஆய்வு செய்தும் வீடு வராவிடில் அவ்வாய்வினால் யாது பயன்? நகரத்துக் கோபுரத்துக்குக் கிடைக்கும் மண் பரிசோதனையும் பாதுகாப்பும் ஒற்றைக் காம்பராவுக்கும் உரியவையே.

மழைக்காலத்தில் பெற்றோரும் மாணவரும் சில அறிகுறிகளைக் கவனித்தல் வேண்டும். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு. மரமும் கம்பமும் சாய்தல். புதிய ஊற்று தோன்றுதல். பழைய ஊற்று கலங்குதல் அல்லது திடீரென வற்றுதல். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் எனக் காத்திராது, குழந்தைகளுடனும் முதியோருடனும் பாதுகாப்பான இடத்துக்கு நீங்குக. பின்னர் கிராம உத்தியோகத்தருக்கும், 117 என்னும் எண்ணில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் அறிவியுங்கள்.