பாலம் வந்தது, பஸ் வந்ததா?

ஆபிரிக்கக் கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கித் தரை வழியே கடக்கச் சொந்த வாகனம் தேவையில்லை. ஊருக்கு ஊர் ஓடும் பொது வண்டிகளில் மாறி மாறி ஏறியே பலர் அதைக் கடந்திருக்கிறார்கள். கிழக்கே கென்யாவில் அந்த வண்டிக்கு 'மத்தாத்து' என்று பெயர்; மேற்கே கானாவில் 'துரோத்துரோ'. இரண்டு பெயருமே அந்தந்த மொழிகளில் மூன்று என்ற எண்ணிலிருந்து பிறந்தவை என்பர். ஒரு காலத்தில் மூன்று சில்லறைக் காசே கட்டணமாம். பல இடங்களில் இவற்றுக்கு நேர அட்டவணை கிடையாது, ஆட்கள் நிறைந்தால் புறப்படும். ஆளோடு மூட்டையும் கோழியும் ஏறும். சொகுசு இல்லை, ஆபத்தும் உண்டு. ஆயினும் ஏழை விவசாயி தன் விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்க அந்த வண்டியே துணை.

ஒரு கண்டத்தையே இப்படிக் கடக்கலாம் என்றால், ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான நமது வாவியின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய் வருவது மட்டும் நமது குடும்பங்களுக்கு ஏன் இத்தனை பாரமாக இருக்கிறது?

வயல்களில் பெரும்பகுதி படுவான்கரையில். பெரிய வைத்தியசாலை, கச்சேரி, பெரிய கடைத்தெரு எல்லாம் எழுவான்கரையில். இடையில் தண்ணீர். மண்முனைத்துறை, குருக்கள்மடம்–அம்பிளாந்துறை, குருமண்வெளி–மண்டூர், சந்திவெளி–திகிலிவெட்டை என்று துறைகள் பல. அங்கே ஆளையும் சைக்கிளையும் நெல் மூட்டையையும் ஒன்றாக ஏற்றிச் செல்லும் மிதவையை நாம் 'பாதை' என்றே அழைத்து வருகிறோம். வெளியூரார் கேட்டால் வியப்பர். மண்டூர்த் திருவிழாக் காலத்தில் அந்தத் துறையில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் ஏன் வந்தது என்று விளங்கும்.

2007 மார்ச்சில் படுவான்கரையில் போர் மூண்டபோது, உங்களில் பலர் உடுத்த துணியோடு எழுவான்கரைக்கு வந்தீர்கள். மாவட்டத்தில் அன்று ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் இடம்பெயர்ந்திருந்தனர். அந்த ஆண்டு மே மாதம் முதல் மீள்குடியேற்றம் தொடங்கியபோது, திரும்பிச் செல்பவர்களை ஏற்றிப் போக பஸ்கள் வரிசையாக வந்தன. இறக்கிவிட்டபின் அவை போய்விட்டன. அதன் பிறகு அந்தக் கிராமங்களுக்கு ஒழுங்காக வந்து போகும் வண்டி எது என்ற கேள்வி திட்ட அறிக்கைகளில் அரிதாகவே இடம்பெற்றது. வீடு, கிணறு, மலசலகூடம் என்று கணக்கெடுத்த நாமும், நம்மைப் போன்ற நிறுவனங்களும், பயணத்தைத் தனித் தேவையாக எண்ணிப் பழகவில்லை.

2014 இல் ஜப்பானிய உதவியுடன் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. நல்ல காரியம். இதைக் குறைத்துப் பேசுபவர் இரவில் நோயாளியோடு துறையில் காத்து நின்றிருக்கமாட்டார். ஆனால் மோட்டார் சைக்கிள் உள்ளவருக்கும் உழவு இயந்திரம் வைத்திருக்கும் போடியாருக்கும் பாலம் முதல் நாளே பயன் கொடுத்தது. வண்டி இல்லாத குடும்பத்துக்கு, பிரதான வீதியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் கிராமத்திலிருந்து பாலம் வரை வருவதே பாடு. கிளினிக் நாளில் முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் கூலி ஒரு நாள் வயற்கூலியை விழுங்கிவிடுகிறது. பொழுது சாய்ந்தால் யானை நடமாடும் வீதிகள் வேறு. ஆகவே எழுவான்கரையில் தங்கிக்கொண்டு வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிடுபவர்களைச் சோம்பேறிகள் என்று பழிப்பது நியாயமன்று.

இலாபம் இல்லாத வழியில் யார் பஸ் விடுவார் என்று கேட்கலாம். 1958 இல் பஸ் சேவைகள் தேசியமயமானபோது, வருமானமுள்ள வழிகளோடு வருமானமற்ற கிராம வழிகளையும் ஒரே சபை சுமந்தது. 1979 இல் தனியாருக்கு மீண்டும் இடமளித்தபின் அவர்களின் பஸ்கள் இயல்பாகவே ஆட்கூட்டமுள்ள வீதியை நாடின. மட்டக்களப்பு–கல்முனை வீதியில் ஒன்றையொன்று முந்தும் பஸ்களைப் பாருங்கள்! எனினும் வருமானம் குறைந்த கிராம வழிகளுக்காகத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 'கமி செரிய' என்ற மானிய ஏற்பாடு உண்டு. மாணவருக்குச் 'சிசு செரிய' உண்டு. இவற்றைக் கேட்டுப் பெறலாம் என்பதே நம் கிராமங்களில் பலருக்குத் தெரியாது.

கேளாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் திருகோணமலை மாவட்டம் கிண்ணியா சான்று. 2021 நவம்பர் 23 அன்று, குறிஞ்சாக்கேணியில் பாலம் வேலை முடியாதிருந்த காலத்தில், மாற்றாக ஓடிய மிதவை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். பாலம் கட்டி முடியும்வரை மக்கள் எதில் போவர் என்பதும் திட்டத்தின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும்.

பொது வண்டிக்கு இன்னொரு பெறுமதியும் உண்டு. இந்த மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் தோள் உரசி இருப்பது பெரும்பாலும் பஸ்ஸில்தான். 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் முஸ்லிம் பயணிகள் வாகனங்களிலிருந்து இறக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். பஸ்களிலிருந்து இறக்கப்பட்ட தமிழரும் பலர் வீடு திரும்பவில்லை. அந்த அச்சத்தை வென்று மக்கள் மறுபடி ஒரே இருக்கையில் அமர்ந்து மரக்கறி விலை பேசுவது சிறிய சாதனையல்ல.

எனவே கிராம அபிவிருத்திச் சங்கங்கள் அடுத்த கூட்டத்திலேயே இதை எடுக்க வேண்டும். 'பஸ் வேண்டும்' என்று மட்டும் எழுதினால் கடிதம் கோவைக்குள் போய்விடும். எந்தச் சந்தியிலிருந்து எந்தச் சந்திக்கு, காலையில் எத்தனை பிள்ளைகள், கிளினிக் எந்தக் கிழமை, அறுவடைக் காலத்தில் எத்தனை மூட்டை, மாலையில் திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு வேண்டும் என்று எண்ணி எழுதுங்கள். அயற் கிராமத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரதேச செயலாளருக்கும் பஸ் சாலைக்கும் பிரதிகள் போகட்டும். ஒரு பிரதியில் கிடைத்ததற்கான கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.