வாந்தி நின்ன மறுநாளே அன்னதானத்துக்கு வராதீங்க

போன ஞாயிறு மாசாய் பக்கத்துல ஒரு முதியோர் இல்லத்துக்கு அன்னதானம் கொண்டுபோனப்ப, ஒரு குடும்பத்தை வேன்ல ஏத்தாம வீட்டுக்கு அனுப்பினோம். அன்னையிலிருந்து புலனத்துல எங்களுக்குத் திட்டுதான். "சாமி காரியத்துக்கு வர்றவங்கள தடுக்க நீங்க யாரு?"ன்னு கேட்டாங்க. தொண்டூழியர்கள் நாங்க எல்லாரும் சேர்ந்துதான் இந்தப் பதிலை எழுதுறோம்.

அந்தக் குழந்தை முந்தின நாள் ராத்திரி வரைக்கும் வாந்தி எடுத்திருக்கு. காலையில தெளிஞ்சிருச்சு, தன் கையால தாத்தா பாட்டிக்குத் தட்டு கொடுக்கணும்னு ஆசை. அந்த ஆசையை நாங்க குறை சொல்லல. ஆனா நோரோ வைரஸா இருந்தா, வாந்தி நின்ன பிறகும் நாள்கணக்கா மலத்துல கிருமி வெளியேறிக்கிட்டே இருக்கும். இருபதுக்கும் குறைவான துகள் வாய்க்குள்ள போனாலே நோய் வரலாம்னு ஆய்வாளர்கள் கணக்கு சொல்றாங்க. அதனாலதான் வாந்தியும் வயித்துப்போக்கும் முழுசா நின்னு 48 மணி நேரம் ஆகணும்ங்கிறது விதி. நாங்க இஷ்டத்துக்குப் போட்டதில்ல.

நமக்கு இது ரெண்டு நாள் அவஸ்தை, அவ்வளவுதான். எண்பது வயசுல, ஏற்கெனவே இனிப்பு நீர், சிறுநீரகக் கோளாறுன்னு படுத்திருக்கிறவங்களுக்கு உடம்புல தண்ணி வத்திப்போனா உயிருக்கே ஆபத்து. ஒரே கழிவறை, ஒரே கைப்பிடிக் கம்பி, ஒரே பணியாளர் பத்துப் பேரைத் தூக்கிக் குளிப்பாட்டுறாங்க. ஆஸ்பத்திரி வார்டுலயும் இதே கதைதான். இங்கிலாந்துல குளிர்காலத்துல இது பரவினா வார்டையே மூடி, புது நோயாளி யாரையும் சேர்க்க மாட்டாங்க. கேரளாவுல 2021 நவம்பர்ல வயநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 13 பேருக்கு வந்துச்சு. அவங்க இளவட்டம், எழுந்துட்டாங்க.

"கைக்கு சானிடைசர் போட்டோமே"ங்கிறாங்க. கோவிட் காலத்துப் பழக்கம் அது. இந்தக் கிருமிகிட்ட அந்த மருந்து சரியா பலிக்காது. சவர்க்காரம் போட்டு, ஓடுற தண்ணியில நல்லா தேய்ச்சுக் கழுவணும். வாந்தி எடுத்த இடத்தைத் துணியால துடைச்சுட்டா போதாது. கையுறை, முகக்கவசம் போட்டு அள்ளி எடுத்துட்டு, 9 பங்கு தண்ணிக்கு 1 பங்கு குளோராக்ஸ் கலந்து ஊத்தி, குறைஞ்சது 5 நிமிஷம் விட்டுத் துடைக்கணும். கிம் கிம் ஆத்து ரசாயனத்துக்கு 2019-ல இந்த வட்டாரமே மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடினோம். நம்ம கைக்கு மட்டும் பயமே இல்ல!

எங்க மேலயும் தப்பு இருக்கு. போன வருஷம் எங்கள்ல ஒருத்தர், "ஆள் இல்லையே"ன்னு வயித்துப்போக்கோட வந்து சாம்பார் வாளி தூக்கினார். தெரிஞ்சும் பேசாம இருந்தோம். எத்தனை பேருக்கு ஒட்டிச்சோ, நாங்க திரும்பிப் போய் விசாரிக்கவே இல்ல.

இல்லம் நடத்துறவங்களுக்கும் ஒண்ணு. பணியாளர் வாந்தின்னு லீவு கேட்டா சம்பளத்தை வெட்டாதீங்க. வெட்டுனா மறைச்சுக்கிட்டுத்தான் வேலைக்கு வருவாங்க. நன்கொடையாளர்களே, இன்னொரு பந்தி போடுற காசுல அந்த ரெண்டு நாள் சம்பளத்தைக் கொடுங்க. அதுவும் தர்மக் கணக்குலதான் சேரும்.

இந்த ஞாயிறுலேர்ந்து வேன் ஏறுறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்போம். முதல்ல எங்களையே கேட்டுக்குவோம். திரும்பிப் போன அந்தக் குடும்பத்துக்கு அடுத்த மாசம் முதல் பந்தி பரிமாற இடம் வச்சிருக்கோம். தம்பி, நல்லா சாப்பிட்டுத் தெம்பா வாப்பா.