பாப்பாகிட்ட டியூஷன் போகும் கம்ப்யூட்டர்!

இந்த வாரம் ஒரு சின்னக் கணக்கு.

2020-ல் வந்த ஜிபிடி-3, பயிற்சிக்காகப் படிச்சது சுமார் 30,000 கோடி டோக்கன்... அதாவது, சொல்லும் சொல் துண்டுகளுமா! ஒரு குழந்தை 13 வயசுக்குள்ள கேட்கிற வார்த்தைகள் 10 கோடியைத் தாண்டாதுனு ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிடுறாங்க. ஆனாலும் மூணு வயசு வாண்டு, 'சாக்லேட் வாங்கித் தரேன்னு சொன்னியே, எங்கே?'னு மடக்கினா, உங்களால பதில் சொல்ல முடியுதா?

இவ்வளவு கொஞ்சத்தை வெச்சு எப்படிக் கத்துக்குதுங்க?

1996-ல் அமெரிக்காவில் ஜெனி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் மூணு பேரும் ஒரு சோதனை செஞ்சாங்க. 'கோலாபு', 'பிடாகு' மாதிரி அர்த்தமே இல்லாத வார்த்தைகளை, நடுவுல இடைவெளியே விடாம, மாத்தி மாத்தி ஓடவிட்டாங்க. கேட்டது, எட்டு மாசக் குழந்தைகள். நேரம், ரெண்டே நிமிஷம்! அதுக்குள்ள எது வார்த்தை, எது வார்த்தை இல்லைனு குழந்தைகளுக்குப் பிடிபட்டுடுச்சு. 'கோ'வுக்கு அப்புறம் எப்பவும் 'லா'தான். ஆனா, 'பு'வுக்கு அப்புறம் வேற வேற சத்தம் வரும். அப்போ, வார்த்தை அங்கே முடியுது! நாம செமஸ்டர் பூரா முட்டி மோதுற ப்ராபபிலிட்டியை, பால் பாட்டிலும் கையுமா போட்டுட்டுப் போறாங்க.

இந்த வித்தையை மெஷினுக்குச் சொல்லித் தர முடியுமா? 2024-ல் நியூயார்க் பல்கலைக்கழகக் குழு ஒண்ணு முயற்சி பண்ணுச்சு. ஆஸ்திரேலியக் குழந்தை ஒண்ணோட தலையில் குட்டி கேமரா. ஆறு மாசத்திலிருந்து 25 மாசம் வரை அப்பப்போ எடுத்த 61 மணி நேர வீடியோவும், அதில் பேசப்பட்ட சுமார் 2.5 லட்சம் வார்த்தைகளும்தான் பாடப் புத்தகம். 'பந்து'னு காதுல விழும்போது கண்ணுல என்ன பட்டதுனு மெஷின் ஜோடி சேர்த்துக்கிட்டே வந்தது. அப்புறம் பரீட்சை. ஒரு வார்த்தை, நாலு படம், சரியானதைக் காட்டணும். குருட்டாம்போக்கில் அடிச்சா 25 சதவிகிதம். இது வாங்கினது சுமார் 62!

அசத்தல்தான். ஆனா, மெஷினுக்குப் பேச்சை எழுத்தாக்கித்தான் கொடுத்தாங்க. அதோட, குழந்தை பந்தைச் சும்மா பார்க்கிறதில்லை. தூக்கிப் போடும், கடிச்சுப் பார்க்கும், 'இது என்ன?'னு உயிரை வாங்கும். அந்த ஆர்வத்துக்கு இன்னும் ப்ரோக்ராம் எழுதியாகணும்.

'சரி, இதில நமக்கென்ன?'னு கேட்கிறீங்களா? நிறைய இருக்கு பாஸ்! இணையத்தில் இங்கிலீஷ் கடல்னா, தமிழ் குளம். அதிலும் இருக்கிறது 'வந்துகொண்டிருக்கிறேன்'. உங்க பாட்டி போனில் சொல்றது 'வந்துட்ருக்கேன்'! நீலகிரியில் பேசுற தோடர் மொழிக்கும் இருளர் மொழிக்கும் குளம்கூட இல்லை. டேட்டாவைக் கொட்டினாத்தான் கத்துப்பேன்னு மெஷின் அடம்பிடிச்சா, இவங்க எல்லாம் வாசல்லயே நிக்க வேண்டியதுதான். கொஞ்சமா கேட்டு நிறைய கத்துக்கிற மெஷின் வந்தா, கதவு திறக்கும்.

2023-ல் ஆரம்பிச்ச 'பேபி எல்எம்' போட்டியோட விதியே, '10 கோடி வார்த்தைக்கு மேல தொடாதே' என்பதுதான். அதிலேயே ஒரு பிரிவுக்கு ஒரு கோடிதான் எல்லை.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடி அலையுறீங்களா? தமிழ்க் குழந்தைங்க வீட்டில் கேட்கிற பேச்சை, பெத்தவங்க சம்மதத்தோட பதிவு பண்ணி, ஒரு குட்டி மாடலுக்குப் பாடம் நடத்திப் பாருங்களேன். உங்க கைடு தேறுறாரோ இல்லையோ, மெஷின் தேறும்!