மாத்திரையும் சாட்சியமும்



திருத்தணியில் நம் மதரஸாவில் ஓதும் பிள்ளை ஒருவனின் தந்தைக்குச் சென்ற ஆண்டு காசநோய் கண்டது. அரசு தரும் மாத்திரைகளை ஒரு நாளும் தவறாமல் உட்கொண்டார். இரண்டாம் மாதத்தில் பசி அற்றது, வாந்தி வந்தது, கண்கள் மஞ்சளித்தன. வீட்டார் அதை வழக்கமான காமாலை என்றே கருதினர். கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தனர். ஆந்திர எல்லைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் பச்சிலை மருந்து வாங்கி வந்தனர். காசநோய் மாத்திரையையும் நிறுத்தாமல் கொடுத்துவந்தனர். ஆறு நாள் கழித்தே நமக்குச் செய்தி எட்டியது. நாமும் ஷிஃபா வேண்டி துஆச் செய்தோமேயன்றி, அந்த மாத்திரையைப் பற்றிச் சிந்திக்கவில்லை. மருத்துவமனையில் சேர்த்த பிறகே, கல்லீரலைத் தாக்கியது மருந்தாக இருக்கலாம் என்று அறிந்தோம்.

காசநோய்க்குரிய ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்றுமே சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. மருந்தால் கல்லீரல் பழுதடைந்த 313 பேரைப் பற்றிப் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனை மருத்துவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோருக்குக் காரணம் காசநோய் மருந்துகளே.

இதை மருந்து உருவாகும்போதே கண்டிருக்கலாகாதா? ஐசோனியசிட் 1952இல் வந்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், இம்மருந்து கொண்டு வீட்டிலிருந்தபடியே குணம் பெறலாம் என்று உலகுக்கே காட்டியது. தமிழகம் பெருமைப்பட வேண்டிய பணி அது. ஆயினும் கல்லீரல் ஆபத்தின் அளவு தெளிவாக உறைத்தது 1970ஐ ஒட்டித்தான். வாஷிங்டனில் நோய்த்தடுப்புக்காக இம்மாத்திரை பெற்ற 2,321 பேரில் 19 பேருக்குக் கல்லீரல் நோய் வந்தது, இருவர் இறந்தனர். ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுக்காலம் உலகெங்கும் விழுங்கப்பட்ட மாத்திரை அது!

காரணம் எளிது. பத்தாயிரத்தில் ஒருவருக்கு மட்டும் வரும் தீங்கு ஒருமுறையேனும் கண்ணில் படும் என்று உறுதிகொள்ள ஏறத்தாழ 30,000 பேருக்கு மருந்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். விற்பனைக்கு முன் நடக்கும் சோதனைகளில் பெரும்பாலும் சில ஆயிரம் பேரே இருப்பர். விலங்கின் ஈரலும் மனித ஈரலும் ஒன்றல்ல. விலங்குச் சோதனையில் தேறிய ஃபியாலூரிடின் என்னும் மருந்து 1993இல் 15 பேருக்குத் தரப்பட்டபோது ஐவர் மாண்டனர். மனித ஈரல் செல்களைச் சிறு சில்லில் வளர்த்துச் சோதிக்கும் முறை இன்று வந்துள்ளது. 2022இல் வெளியான ஓர் ஆய்வில் அது தீங்கு செய்யும் மருந்துகளில் 87 விழுக்காட்டை இனங்கண்டது. நல்ல முன்னேற்றம்தான். எனினும் ஒருவரின் மரபுக்கூறு, வயது, மதுப்பழக்கம், உடன் உண்ணும் பிற மருந்து ஆகியவற்றை எந்தச் சில்லும் முழுதாக அறியாது.

ஆகவே கடைசிச் சோதனை நம் வீட்டு முற்றத்தில்தான் நடக்கிறது. இதைச் சொன்னால் சிலர், “எல்லாம் கத்ர்” என்று வாய்மூடிக்கொள்கின்றனர். வேறு சிலர், “கம்பெனிக்காரன் நம்மை எலியாக்குகிறான்” என்று மாத்திரையையே வீசிவிடுகின்றனர். இரண்டும் தவறு என்பதே நம் கருத்து. காசநோயை மருந்தின்றி விட்டால் உயிரே போகும். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் அது தொற்றும். கத்ரை நம்புகிறவருக்கும் வாயைத் திறந்து சொல்லும் கடமை உண்டு. சாட்சியத்தை மறைப்பது பாவம் என்பதை அல்பகரா அத்தியாயத்தில் கடன் பற்றிய பகுதியில் ஓதுகிறோம். ஒரு மாத்திரை நம் உடலில் செய்ததைச் சொல்லாமல் விடுவதும் அத்தகைய மறைப்பே அல்லவா? அடுத்த ஊரில் அதே மாத்திரையை விழுங்கும் ஒருவருக்கு அந்தச் சாட்சியம் தேவைப்படுகிறது.

சொல்வதற்கு வழியும் உண்டு. 2010 முதல் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் இயங்கிவருகிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் நோயாளியே புகார் அளிக்கலாம். நம் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகைகளில் இஃப்தார் நேரத்தைக் காண்கிறோம். இந்த எண்ணை எங்கும் கண்டதில்லை.

மேற்சொன்ன சகோதரரின் கதையில் ஒன்று நம்மை இன்றும் உறுத்துகிறது. மருத்துவர் அந்தப் பச்சிலையின் பெயரைக் கேட்டார், எவருக்கும் தெரியவில்லை. கெடுத்தது மாத்திரையா, பச்சிலையா, இரண்டுமா என்று உறுதியாகச் சொல்ல இயலாமல் போயிற்று. மருத்துவம் அறியாது மருத்துவம் செய்தவரே தீங்குக்குப் பொறுப்பு என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. பச்சிலை என்பதாலேயே அது தீங்கற்றதாகிவிடாது.

மாத்திரைகளைச் சில வாரம் நிறுத்தி, ஈரல் தேறியபின், ஒன்றன்பின் ஒன்றாக இரத்தப் பரிசோதனையுடன் மீண்டும் தொடங்கினர். அல்ஹம்துலில்லாஹ், இப்போது நலமாக இருக்கிறார். ஃபஜ்ருக்குப் பின் வெளிச்சம் வந்ததும் அவருடைய மனைவி அவரை வாசலில் நிறுத்தி, கண்களைப் பார்த்த பிறகே மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்.