காணலும் காத்தலும்

இயற்கையின் எழிலைக் கண்டு மகிழ விரும்புவது மக்களின் இயல்பு. மலையையும் அருவியையும் நாடிச் செல்வோர் பலர். கடலிடையே கூடு கட்டி வாழும் பறவைகளைக் காணப் படகேறிச் செல்வோரும் உளர். இவ்விருப்பம் பாராட்டத் தக்கதே. ஆயினும், காண்பவரின் மகிழ்ச்சி காணப்படும் உயிருக்குத் துன்பமாக முடிதல் கூடாது. இவ்வுண்மைக்கு இங்கிலாந்து நாட்டின் ஃபார்ன் தீவுகள் சிறந்த சான்றாக விளங்குகின்றன.

இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள நார்தம்பர்லாந்துக் கரைக்கு அப்பால், வட கடலில், இத்தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. கடல் வற்றும்போது 28 தீவுகள் வரை வெளித்தோன்றும்; கடல் பொங்கும்போது அவற்றுட் பல நீரில் மறைந்துவிடும். 1838 ஆம் ஆண்டில் கப்பல் ஒன்று இங்குள்ள பாறையில் மோதி உடைந்தது. அப்போது, கலங்கரை விளக்கக் காவலரின் மகள் கிரேஸ் டார்லிங், தந்தையுடன் சிறு படகில் விரைந்து சென்று, உயிருக்குப் போராடியவர்களை மீட்டாள். மாலுமிகளை அஞ்ச வைத்த அப்பாறைகளே பறவைகளுக்குப் பாதுகாப்பான புகலிடமாக அமைந்தன. நரி முதலிய தரை விலங்குகள் அங்கு எளிதில் அணுக இயலாது அன்றோ?

இளவேனிற் காலம் வந்ததும் கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் இத்தீவுகளை நாடி வருகின்றன. வண்ண அலகு உடைய பஃபின் பறவைகள் மட்டும் நாற்பதாயிரம் இணைகளுக்கு மேல் இங்கே வாழ்கின்றன. பஃபின் மண்ணில் வளை தோண்டி, ஆண்டுக்கு ஒரே முட்டை இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அதனை அடைகாக்கும். கடலில் மூழ்கிச் சிறு மீன்களைப் பிடித்து, அலகில் வரிசையாகக் கவ்விவந்து குஞ்சுக்கு ஊட்டும். வடதுருவ ஆலாவின் ஆற்றலோ வியப்பிற்குரியது. கையளவே உள்ள இப்பறவை ஒன்றின் காலில் ஆராய்ச்சியாளர் மிகச் சிறிய கருவியைப் பொருத்தினர். அது 2015 ஆம் ஆண்டில் ஃபார்ன் தீவை விட்டுப் புறப்பட்டுத் தென்துருவக் கடல்வரை சென்று, 2016 ஆம் ஆண்டு மே மாதத்தில் திரும்பியது. அது கடந்த தொலைவு ஏறத்தாழ 96,000 கிலோமீட்டர் ஆகும். இத்துணைத் தொலைவு பறந்து வரும் பறவை, முட்டையிடக் கேட்பது ஒரு சாண் நிலமே.

அச்சிறு நிலத்தையும் மனிதன் எப்போதும் விட்டுவைத்தானா? ஏழாம் நூற்றாண்டில் இத்தீவுகளுள் ஒன்றில் தனித்து வாழ்ந்த துறவி கத்பர்ட், ஈடர் வாத்துகளைக் கொல்லலாகாது என்று விதித்ததாகக் கூறுவர். ஆனால், அவ்வருள் நெறி எங்கும் நிலைபெறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், இதே கிழக்குக் கரையில் தெற்கே உள்ள யார்க்சயரின் பாறை முகடுகளுக்கு மக்கள் உல்லாசப் பயணமாகத் துப்பாக்கியுடன் சென்றனர். படகில் இருந்தவாறே கூட்டில் இருந்த பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். தாயை இழந்த குஞ்சுகள் பசியால் மடிந்தன. இக்கொடுமை கண்டு நல்லோர் பலர் குரல் எழுப்பினர். அதன் பயனாக 1869 ஆம் ஆண்டில் கடற்பறவைப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஏப்ரல் முதல் ஆகஸ்டுத் தொடக்கம்வரை கடற்பறவைகளைக் கொல்வதை அச்சட்டம் தடுத்தது.

இன்று படகில் செல்வோர் கையில் இருப்பது துப்பாக்கி அன்று, தொலைநோக்கி. சீகௌசஸ் துறைமுகத்திலிருந்து பல்லாயிரவர் ஆண்டுதோறும் இத்தீவுகளைக் காணச் செல்கின்றனர். 1925 ஆம் ஆண்டு முதல் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிலையம் இவற்றைக் காத்து வருகின்றது. கரை இறங்குவோர் வகுத்த வழியிலேயே நடத்தல் வேண்டும். வழியோரத்தில் கூடு கட்டியுள்ள ஆலாக்கள் அவர்கள் தலையைக் கொத்தும். அதற்கெனவே வருவோர் தொப்பி அணிகின்றனர். அக்கொத்தலைச் சினம் என்று கருதலாகாது. "இது என் குஞ்சு வளரும் இடம்" என்று பறவை கூறும் மொழியே அது.

2022 ஆம் ஆண்டில் இத்தீவுகளுக்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. பறவைக் காய்ச்சல் பரவி, எண்ணற்ற பறவைகள் மாண்டன. காவலர்கள் எடுத்து அகற்றிய உடல்கள் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவை. அவ்வாண்டு ஜூலை மாதம் முதல் தீவுகளில் கரை இறங்குதல் நிறுத்தப்பட்டது. 2023 ஆம் ஆண்டிலும் அத்தடை நீடித்தது. படகுகள் தீவுகளைச் சுற்றிவர மட்டுமே இசைவு இருந்தது. 2024 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில்தான் உள்தீவில் மக்கள் மீண்டும் கால் வைத்தனர்.

இத்தடை தேவைதானா என்று வினவுவோர் இருக்கலாம். நெடுந்தொலைவிலிருந்து வந்தவர்க்கு அது ஏமாற்றமே. பயணிகளை நம்பி வாழும் படகோட்டிகளின் வருவாய்க்கும் இடையூறே. இக்குறைகள் பொய்யல்ல. எனினும், படகோட்டியின் பிழைப்பும் பயணியின் மகிழ்ச்சியும் பறவைகள் வாழ்வதையே பற்றி நிற்கின்றன. ஒரு பருவத்தின் ஊதியத்தை இழந்தால் மறு பருவத்தில் ஈட்டலாம். ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவையின் கூட்டம் குலைந்தால், அது மீளப் பல ஆண்டுகள் ஆகும். ஆதலின், கதவை அடைத்தது முறையே.

அவ்வாறாயின், மக்களை என்றும் அணுகவிடாமல் தடுத்துவிடலாமே என்று கூறுவதும் பொருந்தாது. கண்ணால் கண்டறியாத ஒன்றின்மீது அன்பு பிறத்தல் அரிது. பறவைகளை நேரிற் கண்டு மகிழ்ந்தவரே அவற்றிற்காகப் பரிந்து பேசுவர். கடற்பறவைகளின் உணவாகிய சிறு மீன்கள் குறையாதிருக்க, வட கடலின் இங்கிலாந்துப் பகுதியில் மணல்மீன் பிடிப்பதை 2024 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு தடை செய்தது. இத்தகைய நடவடிக்கைகளுக்கு மக்களின் ஆதரவு இன்றியமையாதது. படகுப் பயணம் அவ்வாதரவை வளர்க்கும் பள்ளியாகும்.

எனவே, படகு செல்லட்டும்; ஆனால், விலகி நின்று செல்லட்டும். மக்கள் காணட்டும், ஆனால், கூட்டின் எல்லையை மதித்துக் காணட்டும். அணுகக் கூடிய காலத்தில் அடக்கத்துடன் அணுகுதலும், விலக வேண்டிய காலத்தில் முணுமுணுப்பின்றி விலகுதலும் பண்புடையார் செயலாகும். காத்து நிற்பவர்க்கே காணும் உரிமை உண்டு.