பல்லைப் பிடித்துப் பார்க்கும் சந்தை

சந்தையில் மாடு வாங்குகிறவர் முதலில் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். வயது தெரிந்துவிடும். தானமாக வந்த மாட்டை அப்படிப் பார்க்கக் கூடாது என்று ஒரு பழமொழியே உண்டு. நகையும் பணமும் சேர்த்துக் கொடுக்கப்படும் பெண்ணுக்கு அந்தச் சலுகைகூட இல்லை.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போன பிறகு, தரகர் மூலமாக ஒரு சொல் வந்தது: "பொண்ணு லட்சணம்தான், சிரிச்சாதான் பல்லு மஞ்சளா தெரியுது." அன்றிரவே அத்தை எலுமிச்சம்பழத்தை இரண்டாக நறுக்கி, ஆப்ப சோடாவைத் தொட்டு என் கையில் கொடுத்தார். "தேய்டி, பத்து நாள்ல பளிச்சுனு ஆயிடும்." ஒரு மாதம் தேய்த்தேன். பல் வெளுக்கவில்லை. பச்சைத் தண்ணீர் பட்டாலே கூசியது. வந்த மாப்பிள்ளையின் பல்லில் இருந்த பாக்குக் கறையைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அன்று எனக்கு யாரும் சொல்லாததை இங்கே சொல்கிறேன். பல்லின் மேலே இருப்பது எனாமல். ஓரளவு ஒளி ஊடுருவும் உறை. அதன் அடியில் இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள். நல்ல ஆரோக்கியமான பல்லும் மஞ்சளாக இருக்கலாம். எலுமிச்சையின் புளிப்பு எனாமலின் தாதுக்களைக் கரைக்கும்; இளகிய பரப்பை உடனே தேய்த்தால் அது தேய்ந்து போகும். எனாமல் மெலிந்தால் அடியிலிருக்கும் மஞ்சள் இன்னும் நன்றாகத் தெரியும். வெளுக்க நினைத்துத் தேய்த்து, மஞ்சளை நாமே வெளியே கொண்டுவருகிறோம். போன எனாமல் மறுபடி வளராது. எங்கள் பகுதியை ஒட்டியிருக்கும் கைலாசநாதர் கோயிலின் மணற்கல் சிற்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அரித்துப்போன முகத்தின் மேல் சுதை பூசலாம். பழைய முகம் திரும்பாது.

கரித்தூளும் உப்பும் செங்கல் பொடியும் மேல்கறையைச் சுரண்டும், உள்நிறத்தை மாற்றாது. கரி கலந்த பற்பசைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து, அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் 2017இல் ஒரு கட்டுரை வந்தது. அவை பாதுகாப்பானவை என்றோ பலன் தரும் என்றோ சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு. நம் பாட்டிகளின் அடுப்புக்கரியை நாகரிகமற்றது என்று கேலி செய்து பற்பசை விற்ற சந்தைதான் இன்று அதே கரியைக் குழாயில் அடைத்து நமக்கே விற்கிறது.

அப்படியென்றால் எதுவுமே பலிக்காதா? பலிக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு பல்லை உண்மையிலேயே வெளுக்கும். பட்டு நூலை வெளுக்கவும் அதே வேதிப்பொருள்தான் பயன்படுகிறது. எவ்வளவு, எத்தனை நேரம், என்ன சூடு என்று பார்க்காமல் தொழில் தெரிந்த எவரும் நூலில் கை வைக்க மாட்டார். அளவு மிஞ்சினால் நூல் இற்றுப்போகும். பெண்ணின் பல்லுக்கு மட்டும் அளவு வேண்டாமா? ஐரோப்பிய ஒன்றியத்தில், கடையில் நேரடியாக விற்கும் பொருளில் இது 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் 6 சதவீதம் வரை பல் மருத்துவர் வழியாக மட்டுமே. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கூடாது. மருத்துவர் நம் பல்லை அச்செடுத்துச் செய்து தரும் தட்டில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு கூழை வைத்து, வீட்டிலேயே சில வாரங்கள் போட்டுக்கொள்ளும் முறை 1989இலிருந்து ஆராயப்பட்டு வருகிறது. அதில் இருப்பது ஏறக்குறைய 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். பலன் கிடைக்கும். பல் கூச்சமும் ஈறு எரிச்சலும் பலருக்கு வரும், பெரும்பாலும் நிறுத்தியதும் அடங்கிவிடும். வெண்மையும் நாளடைவில் மங்கிவிடும். அடைத்த இடமும் போட்ட உறையும் நிறம் மாறாது. சொத்தையும் ஈறு நோயும் இருந்தால் முதலில் அதற்குத்தான் வைத்தியம். தோழிகளே, இணையத்தில் வாங்கிய பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எத்தனை சதவீதம் என்று எழுதவில்லையென்றால் அதை வாயில் வைக்காதீர்கள்.

இவ்வளவும் மருத்துவக் குறிப்பு. என் சண்டை இனிமேல்தான்.

எங்கள் தெருவுக்குத் தர்மபுரியிலிருந்து மருமகளாக வந்த அக்கா ஒருவர், சிரிக்கும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். பல்லெல்லாம் பழுப்புப் பட்டைகள். மாமியாருக்கு அவர் 'ஒழுங்காகப் பல் விளக்கத் தெரியாதவள்'. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதை மீறிய நீரைக் குடித்து வளரும் குழந்தையின் பல், ஈறுக்குள் உருவாகும்போதே கெட்டுவிடுகிறது. எந்த எலுமிச்சையும் அந்தக் கறையை எடுக்காது. அங்கே காவிரி நீரைக் கொண்டுசேர்க்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் தொடங்கிவைக்கப்பட்டது. நல்ல தண்ணீர் தராதது அரசு. வெட்கப்பட்டு வாயை மூடுவது அக்கா.

குழந்தையில் கொடுத்த டெட்ராசைக்ளின் மருந்து பல்லுக்குள் கறை வைக்கும். ரத்தசோகைக்குக் குடிக்கும் இரும்புச்சத்து டானிக் பல்லைக் கருக்கச் செய்யும். தார் சுற்றிக்கொண்டே பசியை அடக்கக் குடிக்கும் டீயும் கறை வைக்கும். இதில் எது அந்தப் பெண்ணின் குற்றம்?

வெண்மைதான் அழகு என்று எழுதியது யார்? ஜப்பானில் மணமான பெண்கள் பல்லைக் கருப்பாக்கிக்கொண்டார்கள். அன்று அதுவே அழகு. 1873இல் பேரரசி வெள்ளைப் பல்லோடு வெளியே தோன்றிய பிறகு அந்த வழக்கம் மங்கியது. நம் ஊரில் வெற்றிலைச் சிவப்பு வாய்க்கு அழகாக இருந்தது. நிறங்கள் மாறின. தேர்வு எழுதுகிறவள் மட்டும் மாறவில்லை.

வெளுக்க ஆசைப்படும் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. அவள் பல், அவள் விருப்பம். அந்த விருப்பத்துக்குப் பெண் பார்க்கும் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்களா என்றுதான் கேட்கிறேன். முகூர்த்தப் பட்டுக்கு ஆயிரக்கணக்கில் எடுத்துவைக்கும் குடும்பம், மகள் வலி தாங்காமல் அழும்வரை அவளுடைய சொத்தைப் பல்லைப் பார்ப்பதில்லை. வெளியே தெரியும் பல்லுக்குத்தான் இங்கே செலவு. மெல்லும் பல்லுக்கு இல்லை.

அடுத்த முறை யாராவது உங்கள் மகளின் பல் நிறத்தைப் பற்றிச் சொல்லி அனுப்பினால், எலுமிச்சம்பழத்தைத் தேடாதீர்கள். "எங்க வீட்ல மாடு விக்கிறதில்ல" என்று பதில் சொல்லி அனுப்புங்கள்.