அழிவின் எதிரே ஒரு புடவை

1998ஆம் ஆண்டு மே மாதத்தில், பொக்ரான் பாலைவனத்தில் இந்தியாவும், அம்மாத இறுதியில் சாகாய் மலையில் பாகிஸ்தானும் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்து, இரு தேசத்து வீதிகளிலும் மிட்டாய் வழங்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், அந்தக் களிப்பில் கலந்துகொள்ள இயலாத ஹிருதயத்தோடு ஒரு காணொளிச் சித்திரத்தைப் படைத்தவர், கராச்சியில் பிறந்து, தேசப் பிரிவினையால் இடம்பெயர்ந்த குடும்பத்தில் வளர்ந்த நளினி மலானி. பைத்தியக்கார விடுதிகளில் இருந்தோரையும் மதம் பார்த்து இரண்டு தேசங்களும் பங்கிட்டுக்கொள்ளும் கொடுமையைச் சொல்லும், உருது எழுத்தாளர் மண்ட்டோவின் 'டோபா டேக் சிங்' கதையே அதற்கு ஆதாரம்.

இருண்ட கூடத்தின் எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு பெண்கள் தோன்றுகிறார்கள்; நடுவிலுள்ள வெட்டவெளியைத் தாண்டி ஒரே புடவையை மடிக்க முயல்கிறார்கள். துவைத்து உலர்ந்த புடவையை இருவர் இரு முனையிலும் பிடித்து மடிப்பதை அன்றாடம் காணும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்னொரு பக்கம் ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிகின்றன. தரையில், அகதிகள் சுமந்து வந்தவற்றைப் போன்ற தகரப் பெட்டிகளுக்குள் தொலைக்காட்சித் திரைகள் ஒளிர்கின்றன. பார்க்க வந்தவர் இவற்றுக்கு வெளியே நிற்க முடியாது. அந்தப் பெண்களுக்கு இடையில்தான் நின்றாக வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருத்தியின் முகம் முதுகுக்குப் பின்னே போய்விடுகிறது. மனிதாபிமானத்தைப் பற்றிப் பிரசங்கிக்காமல் அதை அநுபவமாகவே ஆக்கிவிடும் இந்த அமைப்பைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2024 ஜூன் மாதம், மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து, கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் 60க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, வரிசையாகக் கிடத்தப்பட்ட உடல்களையும் தலைவிரிகோலமாய் அழுத பெண்களையும் தேசம் முழுவதும் கைப்பேசியில் கண்டது, 'ஐயோ' என்றது, அடுத்த செய்திக்கு நகர்ந்தது. அந்தப் படங்கள் பொய்யல்ல. ஆனால், பார்த்தவருக்கு நிற்க ஓர் இடத்தையும் நினைக்க ஒரு நாழிகையையும் அவை கொடுக்கவில்லை.

இதே மாவட்டத்தில், சாராயத்தோடு சேர்த்தே பேசப்படும் கல்வராயன் மலைக்கு நேர்ந்தது இன்னும் துயரமானது. 1976 வரை ஜாகீர்தார்களின் ஆட்சியில் கிடந்த அந்த மலைவாழ் மக்களின் நிலவுரிமையும் சாலையும் வைத்திய வசதியும் படமாவது அபூர்வம். சாராய ஊறல் அழிக்கப்படும் காட்சிக்காகவே காமிரா மலையேறுகிறது. மெத்தனாலோ தொழிற்சாலைச் சரக்கு. பழியில் பெரும்பங்கைச் சுமந்தது மலை.

சோறும் சாலையும் இல்லாத இடத்தில் காணொளிக் கலை எதற்கு என்று கேட்பவர்களின் கோபம் நியாயமானது. எனினும், பிறர் துயரத்துக்குள் சிறிது நேரமேனும் நின்று பழகாத ஒரு சமூகம், அவர்களுக்குச் சாலை வேண்டுமென்று தானாக எந்நாளும் கேட்கப் போவதில்லை. 2023இல் கியோட்டோ பரிசு பெற்ற மலானியின் கலை உலகின் பெருநகரங்களில் கொண்டாடப்படுகிறது; நம் மாவட்டத் தலைநகரங்களுக்கு வரவில்லை. கலை பண்பாட்டுத் துறையும் சென்னை லலித் கலா அகாடமியும் மனம் வைத்து, இத்தகைய படைப்புகளைக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவர வேண்டும். அதோடு, கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் காமிராவைக் கொடுத்து, தங்கள் மலையைத் தாங்களே படம்பிடிக்கக் கற்பிக்கவும் வேண்டும்.